கடலுக்கு யார் கடவுள்?

கடலைக் கண்ணால் காணாத ஊரில் நின்று கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம் நாம். திருச்செங்கோட்டு மலையின் அடிவாரம். வகுப்பறையின் பலகணி வழியே பார்த்தால் செம்பாறை. அதற்கப்பால் வறண்ட மேட்டுக்காடு. அங்கே நின்றுகொண்டு, "நெய்தல், கடலும் கடல் சார்ந்த நிலமும், மக்கள், பரதவர், தொழில், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும், தெய்வம், வருணன்" என்று சொல்கிறோம். மாணவர் எழுதிக்கொள்கின்றனர். தேர்விலே கேட்டால் ஒரு மதிப்பெண். அத்தோடு நெய்தல் முடிந்துவிடுகிறது.

ஒரு நாள் முடியவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் எழுந்தான். அவன் தந்தை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி வருபவர். "ஐயா, கடற்கரையில் வருணனுக்குக் கோயில் எங்கே இருக்கிறது? அப்பா நாகப்பட்டினம் போயிருக்கிறார். அம்மன் கோயில் பார்த்தாராம், மாதா கோயில் பார்த்தாராம், தர்கா பார்த்தாராம். வருணன் கோயில் மட்டும் பார்க்கவில்லையாம்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை என்பதே உண்மை. பாடநூலில் பதில் இல்லை; பதில் இல்லாத கேள்வியைப் பையனின் குறும்பு என்று தள்ளிவிட மனமும் இல்லை. நூல்களைத் திரும்ப எடுத்தோம். எடுத்ததன் பயனே இக்கட்டுரை.

கொம்பு நட்ட கூட்டம்

முதலில் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பாட்டு; காவிரிப்பூம்பட்டினத்தைக் கண்முன் நிறுத்தும் பாட்டு. அதிலே பரதவர் தம் தெய்வத்தை வழிபடும் காட்சி ஒன்று உண்டு. முழுநிலா நாள், அன்று அவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. மணலிலே சுறாவின் கொம்பை நடுகின்றனர். அதிலே தெய்வம் உறைவதாக எண்ணி வணங்குகின்றனர். தாழை மலர் சூடுகின்றனர், கள் அருந்துகின்றனர், ஆணும் பெண்ணும் கூடி ஆடிக் களிக்கின்றனர்.

இங்கே வேள்வி உண்டா? இல்லை. மந்திரம் உண்டா? இல்லை. இடைநின்று தட்சணை பெறுவோர் உண்டா? இல்லவே இல்லை. தம்மைக் கொல்ல வல்ல மீன், தாம் கொன்ற மீன், தம் வயிற்றை நிரப்பிய மீன். அதன் கொம்பையே நட்டு வைத்துக் கும்பிட்டனர். இது அச்சத்தின் வழிபாடு என்பதை நாம் மறைக்கவில்லை. பகுத்தறிவின் தராசில் வைத்தால் கொம்பும் கொம்புதான், தெய்வமன்று. ஆயினும் அந்த அச்சத்துக்கு ஒரு நேர்மை உண்டு. அவர்கள் உழைப்பிலிருந்து அது பிறந்தது; அவர்கள் கையாலேயே நடப்பட்டது; விழா முடிந்ததும் அவர்களை வலைக்கே திருப்பி அனுப்பியது. எவருக்கும் அவர்களை அடிமையாக்கவில்லை.

அந்த விடுமுறைக்குள்ளும் ஓர் அறிவு ஒளிந்திருக்கக் காண்கிறோம். முழுநிலா நாளில் கடல் ஏற்றம் மிகும். நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பது மீனவர் சொல்லும் பட்டறிவு. ஓய்வு கொள்ள உகந்த நாளைத் தேர்ந்தனர். தேர்ந்த நாளுக்கு விழா என்று பெயரிட்டனர். தெய்வத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த நாட்குறிப்பு நிற்கிறது!

ஒட்டுப்போட்ட உரை

இனித் தொல்காப்பியம். அகத்திணையியலில் முல்லைக்கு மாயோனும், குறிஞ்சிக்குச் சேயோனும், மருதத்துக்கு வேந்தனும், நெய்தலுக்கு வருணனும் தெய்வங்களாகச் சொல்லப்படுகின்றனர். மாயோன், சேயோன், வேந்தன் ஆகிய மூன்றும் தமிழ்ச் சொற்கள். நான்காவது மட்டும் வேதத்தின் பெயர். ரிக் வேதத்தில் வருணன் வானத்து ஒழுங்கைக் காப்பவன். தவறு செய்தவனைக் கயிற்றால் கட்டுபவன். பிற்காலத்தே நீருக்கு அதிபதியாகவும் மேற்குத் திசைக்குக் காவலனாகவும் ஆக்கப்பட்டவன். பூம்புகார்ப் பரதவனுக்கும் அவனுக்கும் என்ன உறவு? கடல் கிழக்கே இருக்கிறது. கடவுள் மேற்கே இருக்கிறான்!

இந்த இடைவெளி உரையாசிரியர் கண்ணுக்கும் பட்டிருக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டினர் என்று அறிஞர் கருதும் நச்சினார்க்கினியர் இவ்விடத்தில் ஒரு பாலம் கட்டுகிறார். வலைவளம் குறைந்தபோது நுளையர் மகளிர் சுற்றத்தோடு கூடிச் சுறாக்கொம்பை நட்டு வழிபடுவர். அங்கே வருணன் வெளிப்படுவான் என்பது அவர் தரும் விளக்கம். சான்றாகக் காட்டுவது எது தெரியுமா? நாம் மேலே கண்ட அதே பட்டினப்பாலைக் காட்சி!

தோழர்களே, இந்த ஒட்டைச் சற்றே உற்றுப் பாருங்கள். பட்டினப்பாலை அடிகளில் கொம்பு இருக்கிறது, வருணன் இல்லை. நூற்பாவில் வருணன் இருக்கிறான், கொம்பு இல்லை. உரைதான் இரண்டையும் இணைத்துத் தைக்கிறது. கொம்பை நட்டவர் பரதவர். அதில் வெளிப்பட்டவன் வருணன். உழைப்பு ஒருவருடையது, உருவம் மற்றொருவருடையது. நச்சினார்க்கினியரின் புலமையை நாம் குறைத்து மதிப்பவரல்லர். அவர் உரை இன்றேல் பல பாடல்களின் வாயிலே நமக்குத் திறந்திராது. ஆனால் புலமைக்கு வணக்கம் செலுத்துவது வேறு. புலமை போட்ட தையலைத் துணியென்று மயங்குவது வேறு. நாம் வகுப்பில் சொல்லித் தருவது தையலை. துணியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கடற்கரை மக்களோ இந்தத் தையலுக்குக் காத்திருக்கவில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவினர். தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கு விழா எடுக்கின்றனர். வேறு கரைகளில் அம்மன்களும் ஐயனார்களும் இருக்கின்றனர். எம்மதத்தாராயினும் கடலைக் கடல் தாய் என்பர். தெய்வங்கள் வந்தன, போயின. கடலும் வலையும் கைவலியும் அங்கேயே இருக்கின்றன.

மேலைக் கடலில் ஒரு மாலுமி

மாந்தன் செய்த வேலைக்குக் கடவுளின் பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது? இதைத் தெளிவாகக் காட்டும் சான்று ஒன்று மேல்நாட்டில் கிடைக்கிறது. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே மான் என்றொரு சிறு தீவு. அத்தீவுக்கும் அயர்லாந்துக்கும் பொதுவான பழங்கடவுள் ஒருவன் உண்டு. பெயர் மனனான் மக் லிர். கடலின் மகன் என்பது பொருள். அலைமேல் ஓடும் குதிரை அவனுக்குண்டு. துடுப்பின்றிச் செல்லும் படகுண்டு. மூடுபனியைப் போர்வையாக்கி ஒரு நாட்டையே மறைக்கும் மாயமுண்டு. பிரான் என்னும் வீரன் கடலிலே படகு செலுத்திச் செல்லும்போது எதிரே தேரில் வருகிறான் மனனான். உனக்கு இது கடலாகத் தெரிகிறது, எனக்கோ பூக்கள் நிறைந்த சமவெளி என்ற கருத்துப்படப் பேசுகிறான். கற்பனை என்ற முறையில் எவ்வளவு அழகு! மான் தீவின் குடிகள் ஆண்டுதோறும் நடுவேனிலில் பச்சைக் கோரைக் கட்டுகளை அவனுக்கு வரியாகச் செலுத்தினர் என்பது அத்தீவின் பழங்கதை.

இந்தக் கடவுளைப் பற்றி ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அயர்லாந்தின் மன்ஸ்டர் நாட்டை ஆண்ட கார்மக், அரசனும் ஆவான், கிறித்தவ ஆயனும் ஆவான். 908இல் போரில் மடிந்தவன். அவன் பெயரால் வழங்கும் சொற்பொருள் நூலில் மனனான் என்ற சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? அவன் மான் தீவில் வாழ்ந்த புகழ்பெற்ற வணிகன். மேற்கு ஐரோப்பாவிலேயே சிறந்த மாலுமி. வானத்தை நோக்கி நல்ல காலநிலை எப்போது, தீய காலநிலை எப்போது, இது எப்போது மாறும் என்று அறிந்தவன். அதனால்தான் மக்கள் அவனைக் கடலின் கடவுள் என்றனர், கடலின் மகன் என்றனர் என்கிறது அந்நூல்.

பழைய தெய்வத்தை மறுத்துத் தன் மதத்தை நிலைநாட்ட விரும்பிய ஆயனுக்கு இவ்விளக்கம் உதவியிருக்கும். அதை நாம் அறியாமலில்லை. தன் வேதத்துக்கு அதே உரைகல்லை அவன் பயன்படுத்தியிருக்கவும் மாட்டான். மனனான் என்றொரு மாலுமி மெய்யாகவே வாழ்ந்தான் என்றும் நாம் சாதிக்கவில்லை. ஆனால் வழி காட்டப்பட்டிருக்கிறது. கடவுள் என்ற சொல்லைத் திறந்தான்; உள்ளே வானத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் உழைப்பாளி இருந்தான்!

குயத்தியார் காட்டிய மனிதன்

நம்மிடத்தில் அப்படியொரு மாலுமி இல்லையா? இருக்கிறான். புறநானூற்றின் 66ஆம் பாடலில் இருக்கிறான். பாடியவர் வெண்ணிக் குயத்தியார். பெயரைக் கவனியுங்கள்: மண் பிசையும் குலத்துப் பெண். வெண்ணிப் போரில் வென்று நிற்கும் கரிகாலனிடம் பேசுகிறார். கடலிலே கப்பலோட்டி, காற்றின் இயக்கத்தைத் தன் தொழிலுக்கு ஆட்கொண்டவன் வழிவந்தவனே என்று அழைக்கிறார்.

காற்றை ஆண்டவன்! அயர்லாந்தில் பிறந்திருந்தால் அவனுக்கு மாயக் குதிரையும் மூடுபனிப் போர்வையும் தந்திருப்பர். வேறொரு புராணிகன் கையில் கிடைத்திருந்தால் வாயு பகவானின் அவதாரமாக்கியிருப்பான். குயத்தியாரோ அவனை மனிதனாகவே விட்டுவைத்தார். அவன் கப்பல் ஓட்டியவன்; காற்றைப் பயன்கொள்ளத் தெரிந்தவன்; கரிகாலனின் முன்னோன். அவ்வளவே. அதே பாட்டில், வென்ற கரிகாலனைவிட, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்த சேரனே மேலானவன் அல்லனோ என்று அரசன் முகத்துக்கு நேரே கேட்கிறார். மாலுமியைக் கடவுளாக்காத வாய்தான் மன்னனையும் கடவுளாக்க மறுக்கிறது! இரண்டும் ஒரே துணிவின் இரண்டு முகங்கள் என்று கொள்கிறோம் நாம்.

கிரேக்கரும் இத்தகைய வழியிலே சென்றதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு நடுக்கடல் வழியே இந்தியா வரலாம் என்று கண்டறிந்ததாக இப்பலசு என்ற மாலுமியைச் செங்கடற் பயண நூல் குறிப்பிடுகிறது. அந்தக் காற்றுக்கே அவன் பெயர் வழங்கிற்று. காற்றுக்கு மனிதன் பெயர்! மனிதனுக்குக் கடவுள் பெயர் சூட்டுவதைவிட இது எவ்வளவு நேரிய செயல்!

காத்த தெய்வமும் அழித்த தெய்வமும்

இலக்கியம் காட்டும் மற்றொரு கடல் தெய்வம் மணிமேகலா தெய்வம். சிலப்பதிகாரத்தில் அது காக்கும் தெய்வம். கப்பல் உடைந்து, சில நாள் கடலில் நீந்திய கோவலனின் முன்னோனை அது கரை சேர்த்தது. அந்த நன்றியால்தான் மாதவியின் மகளுக்கு அப்பெயர் வைக்கப்பட்டது. பௌத்தக் கதைகளிலும் இதே தெய்வம் வருகிறது. மகாசனக சாதகத்தில் கப்பல் உடைந்தபின் ஏழு நாள் இடைவிடாது நீந்துகிறான் இளவரசன். கரை தெரியாத கடலில் ஏன் வீணே நீந்துகிறாய் என்று கேட்கிறது தெய்வம். முயலாமல் சாவதைவிட முயன்று சாவது மேல் என்ற கருத்தில் விடையளிக்கிறான் அவன். தெய்வம் வருவதற்கு முன் ஏழு நாள் நீந்தியவை அவன் கைகள் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது!

அதே தெய்வம் சாத்தனாரின் மணிமேகலையில் என்ன ஆகிறது? சோழ மன்னன் தன் குழந்தையைக் கடலில் இழக்கிறான். பீலிவளை பெற்ற மகன்; கப்பல் உடைந்து காணாமற் போன மகன். அவனைத் தேடி அலையும் துயரில் இந்திர விழாவை எடுக்க மறந்துபோகிறான் மன்னன். உடனே மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் கடல் பொங்கிப் புகார் நகரை விழுங்குகிறது. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் துன்பமின்றி வஞ்சி சேர்கின்றனர்.

மணிமேகலையை நாம் போற்றுகிறோம். பசிப்பிணி என்னும் பாவியை எதிர்த்துப் பெண்ணொருத்தி கலம் ஏந்தி நின்ற காப்பியம் அது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காப்பியம் அது. ஆகவேதான் இவ்விடத்தில் நெஞ்சு வலிக்கிறது. பிள்ளையை இழந்த தந்தை விழா எடுக்க மறந்தான். அதற்கு ஊர் அழிந்தது. இது என்ன நீதி? மறந்தவன் மன்னன், மாண்டது யார்? கரையோரச் சேரியில் உப்பு விற்றவளும் வலை உலர்த்தியவனும் செய்த குற்றம் என்ன? முழுநிலா நாளில் தாழை சூடி ஆடினரே, அந்தப் பரதவர் எங்கே போயினர்? கதை நின்று கேட்கவில்லை. பசித்த ஒருவரையும் விடாமல் தேடிச் சென்ற காப்பியம், மூழ்கிய மக்களைத் தேடாமல் வஞ்சிக்குப் புறப்பட்டுவிடுகிறது!

பழங்கதைக்கு இவ்வளவு சினமா என்று கேட்பீர். கதை பழையது; அது கற்பித்த பழக்கம் பழையதாகவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து அலை நம் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்களைப் புதைத்து முடிக்குமுன்னரே, பாவம் பெருகிற்று, பூசை குறைந்தது, கடவுள் சினந்தார் என்று பேசினோரை நாடு கேட்டது. புகாரைப் பற்றிச் சொன்ன அதே தீர்ப்பு! பிள்ளையை இழந்த தாயிடம் உன் ஊரின் பாவம் என்று சொல்ல எந்தக் கடவுள் கற்றுத் தருவார்? அந்தக் கடவுள் நமக்கு வேண்டா.

உண்மையில் அன்று குறைந்தது என்ன? பூசையா? இல்லை, எச்சரிக்கை! இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. அறிந்து சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடு இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. நிலநடுக்கத்தைப் பதியும் கருவி, கடலின் அழுத்தத்தை அளக்கும் மிதவை, இரவும் பகலும் விழித்திருக்கும் மனிதர்: கடலுக்குக் காவல் என்று இவற்றைச் சொல்வோம். மணிமேகலா தெய்வம் செய்வதாகக் கோவலன் நம்பிய வேலையை மனிதன் எடுத்துக்கொண்டான்.

செங்கோட்டுக்கு வந்த வருணன்

கடலில்லாத ஊரார்க்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ணவேண்டா. கடற்கரையில் கோயில் காணாத வருணன் நம் மேட்டு நிலத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டான். மழை பொய்த்தால் வருண செபம்! அண்டாவில் நீர் நிரப்பி, அதில் கழுத்தளவு அமர்ந்து மந்திரம் ஓதுவது. 2019 ஏப்ரலில் மழை வேண்டி வேள்வியும் வருண செபமும் நடத்துமாறு தமிழக அறநிலையத் துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த இரண்டு திங்களில் சென்னை குடிநீரின்றித் தவித்ததை உலகமே பார்த்தது. ஏரிகளைத் தூர் வாரவேண்டிய நேரத்தில் அண்டாவை நிரப்பினால் நீர் எங்கிருந்து வரும்?

இவ்வூரின் நிலைமையைச் சிந்தியுங்கள். இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சென்று பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் திருச்செங்கோடு. எந்தப் பாறையில் எத்தனை அடியில் வெடிப்பு இருக்கும், வெளிவரும் தூளின் நிறம் மாறினால் என்ன பொருள், எப்போது குழாய் இறக்கவேண்டும் என்றெல்லாம் பட்டறிவால் படித்த தொழிலாளர் இங்கே இருக்கின்றனர். கார்மக் சொன்ன மாலுமி வானத்தைப் படித்தது போல நிலத்தின் அடியைப் படிப்பவர்கள். ஆயினும் தோண்டும் இடத்தைக் குறிக்க உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பவரைத்தானே முதலில் அழைக்கிறோம்! நீர் கிடைத்தால் தேங்காய்க்குப் புகழ், கிடைக்காவிட்டால் தலைவிதி. நள்ளிரவில் தூசியை விழுங்கித் துளையிட்டவனுக்கு என்ன? கூலி. கொம்பு நட்டவர் பரதவர், வெளிப்பட்டவன் வருணன் என்ற பழைய கணக்கு இன்னும் தீரவில்லை, பார்த்தீர்களா?

உடைப்பதா, படிப்பதா?

அப்படியானால் இக்கதைகளை எறிந்துவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. வட அயர்லாந்தில் லிமவாடி அருகே ஒரு மலைமேல், ஜான் சட்டன் என்ற சிற்பி வடித்த மனனான் சிலை கடலை நோக்கி நின்றது. 2015 சனவரியில் சிலர் அதை அறுத்து எடுத்துச் சென்றுவிட்டனர். வேறு தெய்வம் கூடாது என்ற விவிலியக் கட்டளையை எழுதிய மரச் சிலுவையொன்று அங்கே விடப்பட்டிருந்தது. சில வாரம் கழித்து, சிதைந்த சிலை கிடைத்தது. மறு ஆண்டே புதுச் சிலை நிறுவினர். வழிபடுவதற்கா? இல்லை. தம் முன்னோர் கடலை எப்படிக் கண்டனர் என்பதன் நினைவாக. சிலையை அறுத்தவர் அறிவுக்காக அறுக்கவில்லை. ஒரு கடவுளுக்காக இன்னொரு கடவுளை அறுத்தனர். அது நம் வழியன்று.

கதையைக் கதையாகப் படிப்பதே நம் வழி. யார் சொன்னது, யார் கையில் மாறியது, யாருடைய உழைப்பு அதில் மறைந்துகிடக்கிறது என்று கேட்டுப் படிப்பதே நம் வழி. அப்படிப் படித்தால் பட்டினப்பாலையின் அழகு குறையாது. பரதவரின் உருவம் தெரியும். மணிமேகலையின் அறம் குன்றாது. அது பேசாமல் விட்டவரின் குரலும் கேட்கும். தொல்காப்பியம் சிறுமையுறாது, தையல் எது, துணி எது என்பது விளங்கும்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பினோம். "உன் கேள்விக்கு விடை கிடைத்தது. நூற்பா வருணன் என்கிறது. அதைத் தேர்வுக்கு எழுது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாக்கொம்பை நட்டனர். அதை நினைவில் வை. குயத்தியார் காற்றை ஆண்ட மனிதனைப் பாடினார்; அவனை நெஞ்சில் வை" என்றோம்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியானால் கடலுக்குக் கடவுள் யாருமில்லையா, ஐயா?" என்றான்.

"கடலுக்குக் கடவுள் தேவைப்பட்டதே இல்லை, தம்பி. கடலில் போகிறவனுக்குத்தான் துணை தேவைப்பட்டது" என்றோம்.

அந்தத் துணை எது என்பதை நாம் சொல்லவில்லை. வானத்தைப் படித்த மாலுமியும், ஏழு நாள் நீந்திய கைகளும், ஐதராபாத்தில் விழித்திருக்கும் கண்களும், பாறையின் தூளைப் பார்த்து நீரை அறியும் அவன் தந்தையும் அதைச் சொல்வார்கள்.